தோங்கை வீசுவதற்கு முன்

கடந்த சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. மிக்சி ஜாடியின் ரப்பர், துணி துவைக்கும் இயந்திரத்தின் பெல்ட், குக்கர் கைப்பிடி என்று சுவர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தோம். இந்த வாரம் தண்ணீருக்குப் போவோம். படகு வைத்திருப்பவர்களுக்குத்தானே இது என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கிள்ளான், பந்திங், கோல சிலாங்கூர் பக்கம் நம் பிள்ளைகள் நான்கு பேர் பணம் போட்டுப் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி, வார இறுதியில் கொடுவா பிடிக்கப் போவது இப்போது சாதாரணமாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். தூண்டிலுக்கும் ரீலுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு செய்வார்கள். எஞ்சினைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். அந்த எஞ்சினுக்குச் சோறு போடும் சிவப்புத் தொட்டியை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சினுக்கு மலாயில் 'எஞ்ஜின் சங்குட்' என்று பெயர். தொங்கும் எஞ்சின், பொருத்தமான பெயர்தான். மிகச் சிறிய எஞ்சின்களில் பெட்ரோல் தொட்டி தலைக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்கு மேல் சக்தி கூடினால் தொட்டி தனியாக வரும். 12 லிட்டர், அல்லது 24, 25 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி. படகுத் தரையில் கிடக்கும், காலி ஆனால் கையில் தூக்கிப் போய் நிரப்பி வரலாம். நம் பேச்சில் அது 'தோங்'.

தோங்கில் பாகம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே ஒரு மூடி. மூடியின் நடுவில் காற்றுத் திருகு. மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம். பக்கத்தில் இன்னொரு துளை. அதிலிருந்து தொட்டியின் அடிவரை இறங்கும் உறிஞ்சு குழாய், அதன் நுனியில் சிறு வலை வடிகட்டி. பல தோங்குகளில் எண்ணெய் அளவு காட்டும் மிதவையும் இந்தக் குழாயோடு சேர்ந்தே இருக்கும். வெளியே வந்தால் கனெக்டர், ஹோஸ், ஹோசின் இடையில் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை, பிறகு எஞ்சினில் செருகும் இன்னொரு கனெக்டர். இவற்றில் ஒன்று கெட்டாலும் எஞ்சின் நிற்கும். கடையில் கேட்டால் பத்துக்கு ஒன்பது முறை வரும் பதில்: "புதுத் தோங் செட்டா எடுத்துக்குங்க."

என் மாமா ஒருவர் கேரித் தீவுப் பக்கம் படகு வைத்திருக்கிறார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், வயது 66. எஞ்சின் 15 குதிரைசக்தி, இரண்டு ஸ்ட்ரோக். 24 லிட்டர் தோங். இந்த ஆண்டு அந்த எஞ்சின் இரண்டு முறை நடு வழியில் நின்றது. முதல் முறை ஆற்றுக்குள்ளேயே. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்துவிட்டார். இரண்டாவது முறை ஆற்றுவாயில், நீர் வடியும் நேரம். படகை நீரோட்டம் வெளியே இழுத்துக்கொண்டு போனது. பெரிய கப்பல்கள் போகும் திசையைப் பார்த்துக்கொண்டே இழுபட்டதாக மாமா சொன்னார். மலாய் மீனவர் ஒருவர் கயிறு கட்டி இழுத்து வந்து விட்டார். அன்றிரவே அத்தை படகை விற்கச் சொல்லிவிட்டார். மாமா மகன் படம் எடுத்து விற்பனை விளம்பரமும் எழுதிவிட்டான். எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்பது எல்லாருடைய முடிவு. மாமா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாக எல்லாவற்றுக்கும் மறுத்துப் பேசுகிறவர் அவர்.

எஞ்சினை நான் தொடவில்லை. "நின்னப்போ உருண்டை எப்படி இருந்துச்சு மாமா?" என்றுதான் கேட்டேன்.

"சப்பிப் போயி ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு மாப்ளே. அமுக்கினா திரும்பி எழும்பவே இல்லை."

பாதி வேலை அந்த ஒரு பதிலில் முடிந்துவிட்டது. ஏன் என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எந்தப் பாகத்தைத் தேடுவது என்பதை முடிவு செய்வது இந்த உருண்டைதான்.

உருண்டையின் இரண்டு முனையிலும் ஒரு வழி வால்வு உண்டு. அமுக்கினால் பெட்ரோல் எஞ்சின் பக்கம் போகும், விட்டால் தோங்கிலிருந்து இழுக்கும். மேலே ஓர் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு உருண்டைக்கு வேலை இல்லை, எஞ்சினில் இருக்கும் சிறு பம்பே உறிஞ்சிக்கொள்ளும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பத் தோங்குக்குள் காற்று போக வேண்டும். போகாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். எஞ்சின் இழுக்கும், தோங் விடாது. நடுவில் மாட்டிய உருண்டை சப்பிப் போகும். பத்து, பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு எஞ்சின் மூச்சு வாங்கி நிற்பது இதனால்தான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், எஞ்சின் மறுபடி ஓடும். 'சூடாகி நின்னுச்சு, ஆறினதும் ஓடுது' என்று பலர் நினைப்பது இதைத்தான்.

சோதனை எளிது. எஞ்சின் திணறும்போது தோங்கின் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு எஞ்சின் தெளிந்தால் குற்றம் மூடியின் காற்றுத் துளையில். சத்தமே இல்லாமல் உருண்டை அப்படியே சப்பியிருந்தால், அடியில் இருக்கும் வலை வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது ஹோசின் உட்புறம் உரிந்து வழியை மூடியிருக்கலாம்.

மாமாவின் தோங்கில் சத்தம் கேட்டது. "திருகைத் திறந்துதான்டா வச்சிருந்தேன்" என்று அவர் சத்தியம் செய்தார். உண்மைதான், திறந்துதான் இருந்தது. திருகின் நுனியில் இருக்க வேண்டிய சிறு ரப்பர் தேய்ந்து கழன்று துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. திருகு சுற்றியது, வழி திறக்கவில்லை. மேலே உப்பு வேறு படிந்து கெட்டியாகியிருந்தது. விற்பனைக்குப் போகவிருந்த படகுக்குத் தேவைப்பட்டது ஒரு மூடி.

இதற்கு நேர் எதிரான நோய் ஒன்றும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது கடினம். உருண்டை சப்பாது, தொளதொளவென்று இருக்கும். எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகாது. எஞ்சின் திணறும்போது உருண்டையை அமுக்கினால் உயிர் வரும், கையை எடுத்தால் மீண்டும் திணறும். எங்கோ காற்று உள்ளே புகுகிறது, அல்லது உருண்டையின் வால்வு போய்விட்டது என்று பொருள். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று: "ஒரு சொட்டு பெட்ரோல்கூட ஒழுகலையே, ஓட்டை எப்படி இருக்கும்?" என்பார்கள். தோங்குக்கும் உருண்டைக்கும் இடையில் எப்போதும் உறிஞ்சும் இழுப்புத்தான், உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் இல்லை. அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகுமே தவிர, பெட்ரோல் வெளியே வருவது அபூர்வம். உருண்டைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் என்றால், உருண்டையைக் கெட்டியாகும்வரை அமுக்கினால் கசிவு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. துறையில் அதே வகை எஞ்சின் வைத்திருக்கும் பக்கத்துப் படகுக்காரரிடம் தோங்கையும் ஹோசையும் பத்து நிமிடம் இரவல் கேளுங்கள். இரவல் தோங்கில் உங்கள் எஞ்சின் ஒழுங்காக ஓடினால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை. அடுத்து அவருடைய ஹோசை உங்கள் தோங்கில் மாட்டிப் பாருங்கள். குற்றம் தோங்கிலா ஹோசிலா என்பதும் தெரிந்துவிடும். இதை எல்லாம் கரையில் கட்டி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இனி கடைக்குப் போவோம்.

மாமா மகன் விளம்பரத்தை நிறுத்தி வைத்துவிட்டு அன்றே இணையத்தில் ஒரு மூடிக்கு ஆர்டர் போட்டான். படத்தில் அசல் அதேபோல: கறுப்பு மூடி, நடுவில் திருகு. வந்தது, வாயில் உட்கார்ந்தது, அரைச் சுற்று சுற்றியது, பிறகு துள்ளி மேலே வந்தது. மரை வேறு. பெட்ரோல் தோங்கின் வாய்க்கு உலகத்துக்கெல்லாம் ஒரே அளவு கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் அச்சுக்கு ஒரு வாய் வைத்திருக்கிறார். தண்ணீர் போத்தல் மூடி போல ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் பணத்தை விடுகிறார்கள். பொருந்துவதுபோல் தோன்றும் மூடி இன்னும் மோசம். முக்கால் சுற்றில் இறுகிவிடும், ஆனால் ரப்பர் சரியாக உட்காராது. படகு குலுங்கும்போது பெட்ரோல் வெளியே தெறிக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது பறந்து போகாது. படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். பக்கத்தில் பேட்டரி, பம்பு வயர், சிகரெட் எல்லாம் இருக்கும் இடம் அது.

கிள்ளானில் நாங்கள் கேட்ட முதல் கடையில் மூடி தனியாக இல்லை. புதுத் தோங்கைத்தான் காட்டினார்கள். கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. இருபது வகை மூடியை வாங்கி அடுக்கி, வருடத்துக்கு இரண்டு விற்றால் அவருக்கு என்ன மிச்சம்? தூண்டில் சாமான் விற்கும் பளபளப்பான கடைகளில் இதைத் தேடுவதே வீண். மீனவர்கள் பிழைப்புக்காகப் படகு ஓட்டும் ஊரில்தான் பாகம் கிடைக்கும்: போர்ட் கிள்ளான், பூலாவ் கெத்தாம், செகிஞ்சான், கோல சிலாங்கூர், வடக்கே கோல கெடா. அங்கே ஒரு நாள் எஞ்சின் நின்றால் ஒரு நாள் கூலி போகும். புதுத் தோங்கை வாங்கு என்று அவர்களிடம் சொல்ல முடியாது. அதனால் அந்தக் கடைகளில் மூடி, ஓ-ரிங், கனெக்டர் எல்லாம் டின்களில் கிடக்கும்.

போர்ட் கிள்ளானில் அப்படி ஒரு கடை. மேசைக்குப் பின்னால் வயதான தவ்கே. மூடி வேண்டும் என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அண்ணே, தோங் ஆப்பா?" என்றார். பெயரைச் சொன்னேன், லிட்டரைச் சொன்னேன். கையை ஆட்டினார். "பாவா சம்பெல் லா." பழைய மூடியைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். அப்போதுதான் கண்ணாடியைப் போட்டார். மரையை விரல் நகத்தால் தடவிப் பார்த்தார், உள்ளே போய் மூன்று மூடி கொண்டுவந்தார், மூன்றையும் பழையதன் பக்கத்தில் வைத்து ஒன்றைத் தள்ளினார். பேச்சு அவ்வளவுதான். அதன் விலை புதுத் தோங்கின் விலையில் சிறு பங்குதான்.

பாவா சம்பெல். இந்த வேலையில் இதைவிட நல்ல அறிவுரை எனக்குத் தெரியாது. உடைந்த பாகத்தைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள்தான் மூன்று முறை அலைகிறார்கள். முடிந்தால் காலித் தோங்கையே தூக்கிப் போங்கள், ஆனால் முழுக்க வடித்து, மூடியைத் திறந்து காற்றாட உலர்த்திய பிறகு. காரின் பின்பெட்டியில் பெட்ரோல் நாற்றத்தோடு வெயிலில் கொண்டுபோக வேண்டாம்.

தூக்கிப் போக வசதியில்லை என்றால் தோங்கைப் புரட்டி அடிப்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் பெயர், கொள்ளளவு எல்லாம் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகி இருக்கும். பெரும்பாலும் கடிகாரம்போல ஒரு சிறு வட்டமும் இருக்கும்: சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் அம்புக்குறி, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். அது அந்தத் தொட்டி வார்க்கப்பட்ட மாதமும் ஆண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு வெயிலில் கிடந்த தொட்டி என்று அதில் தெரிந்தால், பாகம் தேடும் முன் தொட்டியின் உடம்பையே ஒருமுறை யோசிக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

யமஹா பாகம் என்றால் இன்னொரு வசதி உண்டு: பாக எண். பேக்கெட்டில் மூன்று துண்டாக எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் மூன்று எழுத்து-எண்கள் அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்குச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும். நடுவில் உள்ள ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பது. கடைசி இரண்டு, திருத்தம். அதனால் உங்கள் பழைய எண்ணும் கடைக்காரர் காட்டும் எண்ணும் கடைசி இரண்டில் மட்டும் மாறினால் பயப்படத் தேவையில்லை, பெரும்பாலும் அது பழையதற்குப் பதிலாக வந்த புதிய பதிப்பு. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் மூன்று மாறினால் வாங்கும் முன் சம்பெலோடு வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். எண்ணை வைத்துத் தேடினால் இணையத்திலும் தவறு குறையும். 'யமஹா தோங் மூடி' என்று பெயரை வைத்துத் தேடினால் படம்தான் கிடைக்கும். படத்தில் மரை தெரியாது.

கனெக்டர் தனிக் கதை. யமஹா, மெர்க்குரி, சுசுகி, தொஹாட்சு, ஹோண்டா, ஜான்சன், எவின்ரூட் என்று எஞ்சினுக்கு எஞ்சின் வாய் மாறும். பழைய படகை வாங்கியவர்களிடம் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும்: தோங் ஒரு கம்பெனி, எஞ்சின் இன்னொரு கம்பெனி, ஹோசின் இரண்டு முனையிலும் இரண்டு விதமான கனெக்டர். முன்னாள் சொந்தக்காரர் கையில் கிடைத்ததை மாட்டி ஓட்டியிருப்பார். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் 'என் எஞ்சின் இது' என்று சொல்லி ஒரு கனெக்டர் வாங்கி வந்து தோங் முனையில் மாட்டப் பார்த்தால் போகாது. எந்த முனை என்று தெளிவாகச் சொல்லுங்கள். எவின்ரூட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை: 2020 மே மாதத்தில் பி.ஆர்.பி. நிறுவனம் அந்த எஞ்சின்களின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கனெக்டர், ஹோஸ் போன்றவற்றை வெளி நிறுவனங்களும் செய்வதால் இந்த வகைப் பாகங்களுக்கு உடனே பஞ்சம் வராது.

கனெக்டரை வாங்குவதற்கு முன் அதற்குள் இருக்கும் ஓ-ரிங்கைப் பாருங்கள். காற்று இழுக்கும் நோய்க்குப் பல நேரம் காரணம் அந்தச் சிறு வளையம்தான். வெடித்திருந்தால், சப்பையாகியிருந்தால், அதை மட்டும் மாற்றினால் போதும். இங்கேதான் நம் ஆட்களின் கைவேலைப் புத்தி விளையாடும். பைப் ரிப்பேர் டப்பாவில் இருக்கும் ரப்பர் வளையத்தில் அளவுக்கு ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிவிடுவார்கள். மாட்டிய அன்று பிரமாதமாக இருக்கும். தண்ணீர்க் குழாய்க்குச் செய்யும் ரப்பர்களில் ஈ.பி.டி.எம். என்ற வகை அதிகம். பெட்ரோல் பட்டால் அது ஊறிப் பெருத்து நொய்ந்துவிடும். சாதாரண சிலிகோனும் பெட்ரோலில் ஊறும். பெட்ரோலுக்கு நைட்ரைல் ரப்பர், என்.பி.ஆர். என்று கேட்டு வாங்க வேண்டும். பார்க்க எல்லாம் கறுப்புத்தான், கண்ணால் பிரிக்க முடியாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஹார்ட்வேர் கடையில் இன்னொரு பொறி. மோல்லர், அட்வுட், செப்டர் போன்ற அமெரிக்க, கனடா தோங்குகளில் பெட்ரோல் வெளிவரும் பித்தளை முனை பெரும்பாலும் கால் அங்குல என்.பி.டி. மரையில் இருக்கும். நம் ஊர் குழாய்க் கடைகளில் கிடைப்பது பி.எஸ்.பி. மரை. இரண்டுக்கும் பெயர் கால் அங்குலம்தான். ஆனால் ஒன்றில் அங்குலத்துக்கு 18 மரை, மற்றதில் 19. மரையின் கோணமும் வேறு, 60 டிகிரிக்கு 55 டிகிரி. முதல் இரண்டு சுற்று வெண்ணெய்போல் போகும், பிறகு பிடிக்கும். 'இறுகிடுச்சு' என்று சந்தோஷப்படுவோம். அது இறுகியது அல்ல, மரை மரையைத் தின்பது. அந்த மெல்லிய இடைவெளியில் காற்று புகுந்துகொண்டே இருக்கும், எவ்வளவு வெள்ளை டேப் சுற்றினாலும். டேப்பின் பிசிறு உள்ளே போய்க் கார்புரேட்டரில் உட்கார்ந்தால் கூடுதல் செலவு.

ஹோசில் சிக்கனம் வேண்டாம் என்பது என் கருத்து. மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடிக் குழாயை நிரந்தரமாக மாட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில மாதத்தில் அது மஞ்சளாகி, விறைத்து, முனையில் வெடிக்கும். படகுப் பெட்ரோல் ஹோஸ் என்று அச்சிட்டதை வாங்குங்கள். ஐ.எஸ்.ஓ. 7840 என்று எழுதியிருந்தால் தீயையும் கொஞ்சம் தாங்கும் வகை. உள் விட்டம் சிறிய எஞ்சினுக்குப் பெரும்பாலும் 8 மி.மீ., பெரியவற்றுக்கு 10. உருண்டையும் அதே அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். கிளிப் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பிளாஸ்டிக் டை வெயிலில் நொறுங்கிவிடும். எதில் ஒரிஜினல், எதில் மலிவு என்று கேட்பீர்கள். உருண்டையும் கனெக்டரும் ஒரிஜினல். உருண்டையின் வால்வு உள்ளே ஒளிந்திருக்கிறது, கெட்டது என்று தெரிவது ஆற்று நடுவில்தான். ஹோசும் கிளிப்பும் தரம் சரியாக இருந்தால் எந்தக் கம்பெனியும் சரி.

பாகத்தை மாற்றப் போய் வலை வடிகட்டியை வெளியே எடுத்தால், தோங்கின் அடியையும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள் (தீக்குச்சி அல்ல, இதையும் எழுத வேண்டியிருக்கிறது). நம் ஊர் ஈரக் காற்றில் பாதி நிரம்பிய தோங் மாதக்கணக்கில் கிடந்தால் அடியில் தண்ணீர் சேரும். மாமாவின் தோங்கில் ஒரு குவளை அளவு இருந்தது, கூடவே மணல். வடிகட்டியின் வேலை அதைப் பிடிப்பது, நம் வேலை அதை வருடத்துக்கு ஒருமுறையாவது கொட்டுவது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் சுத்தம் செய்து மறுபடி நிரப்பும்போது எண்ணெய்க் கணக்கையும் புதிதாகப் போடுங்கள். 50-க்கு 1 என்றால் 24 லிட்டருக்கு 480 மில்லி. பழையதில் எவ்வளவு மிச்சம் என்று ஊகித்துக் கலப்பதைவிட, வடித்துவிட்டு முதலிலிருந்து கலப்பது நல்லது. நிரப்புவதும் கரையில், தோங்கைத் தரையில் வைத்து. விளிம்புவரை வேண்டாம். 24 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினாலே கால் லிட்டருக்கு மேல் பெருக்கும். அதற்கு இடம் வேண்டும்.

புதுத் தோங்கே வாங்கிவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2011 முதல் விற்பனைக்கு வரும் தூக்கிச் செல்லும் தோங்குகள் தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. பெட்ரோல் ஆவி வெளியே போகாமல், 5 பி.எஸ்.ஐ. அழுத்தம்வரை மூடியே இருக்கும். காற்று உள்ளே போவது மட்டும் தானாக நடக்கும். அந்த வகைத் தோங்குகள் நம் கடைகளுக்கும் வருகின்றன. திருப்பும் திருகு இல்லை, மறந்துபோகவும் வழியில்லை என்று தோன்றும். ஆனால் வெயிலில் வைத்தால் தோங் பலூன்போல் உப்பும். ஹோஸ் எஞ்சினில் மாட்டியபடியே இருந்தால் அந்த அழுத்தம் பெட்ரோலை எஞ்சினுக்குள் தள்ளி, கார்புரேட்டரை நிரப்பி, மூடிக்குள் ஒழுகவிடலாம். எஞ்சினை நிறுத்தியதும் ஹோசைக் கழற்றிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உப்பியிருக்கும் தோங்கின் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். பழைய திருகு மூடி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது, ஓட்டும்போது திருகைத் திற, தூக்கிப் போகும்போது மூடு.

தோங்கின் உடம்பு பற்றிச் சொல்கிறேன் என்றேன். மூடி, குழாய், ஹோஸ், உருண்டை எல்லாம் மாற்றலாம். உடம்பு வெடித்தால் முடிந்தது. இந்தத் தொட்டிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதில் எந்தப் பசையும் நிலையாக ஒட்டாது. இரண்டு வகைப் பசையைக் கலந்து பூசி, மேலே ஃபைபர் துணி ஒட்டியதையும் பார்த்திருக்கிறேன். அது ஒட்டவில்லை, மூடி மறைத்திருக்கிறது. கைப்பிடியின் அடி, மூலைகள், மூடி வாயின் கழுத்து ஆகிய இடங்களை விரலால் அழுத்திப் பாருங்கள். நிறம் வெளிறி, மாவுபோல் கையில் ஒட்டி, மெல்லிய கோடுகள் தெரிந்தால் பாகம் தேட வேண்டாம். அப்போது கடைக்காரர் சொல்வதே சரி, புதுத் தோங் வாங்குங்கள். பழைய இரும்புத் தோங்கில் உள்ளே துரு செதிலாக உதிர்ந்தாலும் அதேதான். வடிகட்டி எத்தனை மாற்றினாலும் துரு வந்துகொண்டே இருக்கும்.

மாமாவின் தோங் வார்த்து ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது, உடம்பு நன்றாக இருந்தது. மூடியோடு எஞ்சின் முனை ஓ-ரிங்கையும் மாற்றினோம். துறையில் கட்டி வைத்து முக்கால் மணி நேரம் ஓடவிட்டோம், உருண்டை சப்பவில்லை. அத்தை கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழு முக்கால் மணி நேரமும் பார்த்தார். விற்பனை விளம்பரம் எடுக்கப்பட்டது. பதிலுக்கு அவர் போட்ட நிபந்தனை மூன்று: உயிர்க்கவசம், தனியாகப் போகக்கூடாது, படகில் ஒரு டப்பா. டப்பாவில் என்ன இருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். உருண்டையோடு சேர்ந்த முழு ஹோஸ் ஒன்று, கனெக்டர்கள் மாட்டியபடியே. ஓ-ரிங் நான்கு. கிளிப் நான்கு, அதற்குரிய திருப்புளி. ஒரு மூடி. எல்லாவற்றையும் மூடியிறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வெயில் படாமல் முன்பக்க அறையில் வைக்கச் சொன்னேன். மூடிக்காக மறுபடி தவ்கேயிடம் போனபோது சம்பெல் கேட்கவில்லை. எடுத்து வைத்துவிட்டு, "லாகி சத்து?" என்றார்.